இளநீர் ஏற்றும் பிக்கப், பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது: பட்டை சேர்க்கலாமா, செட்டையே மாற்றலாமா?

இளநீர்வண்டி (ஆனைமலை)

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலை எனக்கு. 1.7 டன் பிக்கப் வைத்திருக்கிறேன், ஆறு வருஷத்து வண்டி, 1,40,000 கி.மீ. ஓடியாயிற்று. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். தோப்பிலிருந்து இளநீர் ஏற்றிக் கோயம்புத்தூர், திருப்பூர் போய் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புவது, வாரம் நான்கு நடை.

ஆறு மாதமாக வெறும் வண்டியாக நிற்கும்போதே வால் தொங்குகிறது. லோடு ஏற்றினால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டொம்' என்று ஒரு அடி, முதுகுத்தண்டு வரை வருகிறது. ஸ்டீயரிங் காகிதம் மாதிரி லேசாகிவிடுகிறது. ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள், நான் டிம்மில்தான் போகிறேன். போன மாதம் மழையில் காலி வண்டியில் வேகத்தடைக்கு முன்னால் பிரேக் போட்டேன், பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, சொல்லி வைக்கிறேன்.

உள்ளூரில் ஒரு கடையில் பக்கத்துக்கு இரண்டு பட்டை (பின் ஆக்சிலின் மேல் வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் தகடு) கூடப் போட்டால் சரியாகும், அரை நாள் வேலை என்கிறார்கள். இன்னொருவர், கழற்றிக் கொடு, காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தருகிறேன் என்கிறார். மச்சான் ஷாக் அப்சார்பரை மாற்று என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

ஒட்டன்சத்திரம் லோடு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது நண்பரே, பட்டையைச் சேர்த்துவிட்டு ஓட்டுங்கள். நான் பக்கத்துக்கு இரண்டு சேர்த்து மூன்று வருஷமாகிறது, மார்க்கெட்டில் நிற்கிற வண்டிகளில் பாதி அப்படித்தான். ஒரே குறை, காலியாக வரும்போது குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தக்காளி ஏற்றிய நாளில் மேல் பெட்டியில் பாதி சட்னியாகிவிடும். அது பழகிவிடும்.

சங்ககிரி ஸ்பேனர்

தம்பி, மூன்று பேர் மூன்று வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தர்கூட நாடி பிடித்துப் பார்க்கவில்லை. முதலில் டேப்பை எடுங்கள். சமதளத்தில், வெறும் வண்டியாக, டயரில் காற்று சரியாக வைத்துக்கொண்டு, பின் சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே பாடியின் விளிம்பு வரை அளக்கவும். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் தேய்ந்திருந்தால் அந்தக் கணக்கும் உள்ளே வந்துவிடும். இடது வலது இரண்டும் தனித்தனியாக. அப்புறம் உங்கள் பக்கம் இதே மாடல் புது வண்டி யாரிடமாவது இருக்கும், அவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அதையும் அளந்து வாருங்கள்.

இரண்டு பக்கமும் சமமாக இறங்கியிருந்தால் பட்டை களைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது, அதன் மேல் எத்தனை பட்டை சேர்த்தாலும் புண்ணுக்கு மேல் கட்டுப் போட்ட கதைதான்.

கீழே படுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது: பட்டைகளுக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி தெரிகிறதா, பட்டையின் முனை பக்கவாட்டில் விலகி நிற்கிறதா, பட்டை செட்டை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டின் அடியில் துருப்பொடி கசிந்திருக்கிறதா (செம்மண் மாதிரி தெரியும், அது மண் இல்லை, இரும்பு இரும்போடு உரசிய பொடி), பின்னால் ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பட்டை முனைகளில் உள்ள புஷ் ரப்பர் பிதுங்கியிருக்கிறதா. ஆக்சிலுக்கு மேலே சேஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும் பாருங்கள், அது நசுங்கிப் பளபளவென்று இருந்தால் உங்கள் 'டொம்' அங்கேதான்.

மெக்கானிக்கல் 98

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் ஆட்கள் எல்லோரும் 'டெம்பர் போய்விட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அதனால் பட்டை மெத்தென்று ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தொங்கிப்போன பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட புதியதில் இருந்த அளவே இருக்கும். 100 கிலோ வைத்தால் புதிது எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான் இதுவும் இறங்கும். மாறியது ஓய்வு நிலை மட்டும். தாங்கும் அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப வளைத்ததில் இரும்பு கொஞ்சம் நிரந்தரமாக நிமிர்ந்துவிட்டது, அதனால் கீழே இருந்தே ஆரம்பிக்கிறது.

பட்டை சேர்ப்பதில் பிரச்சினை இங்கேதான். உங்களுக்குக் குறைந்தது உயரம், கடைக்காரர் விற்பது விறைப்பு. ஐந்து பட்டை செட்டில் அதே கனத்தில் இரண்டு சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய 40 சதவீதம் ஏறிவிடும். கனம் கூடிய பட்டை போட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 7 மி.மீ.க்குப் பதில் 8 மி.மீ. என்றால் பார்வைக்கு ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் அந்தப் பட்டை ஒன்றரை மடங்கு விறைப்பு. ஒட்டன்சத்திரத்துக்காரரின் தக்காளி சட்னியானதற்கு இதுதான் காரணம்.

ஒட்டன்சத்திரம் லோடு

சரிங்க வாத்தியாரே, மும்மடியெல்லாம் எனக்குத் தெரியாது, வண்டி மூன்று வருஷமாக ஓடுகிறது, அதுதான் தெரியும்.

இளநீர்வண்டி (ஆனைமலை)

அளந்துவிட்டேன். வலது 47 செ.மீ., இடது 44. பக்கத்துத் தெருவில் ஒரு புது வண்டி, அதில் இரண்டு பக்கமும் 49.5. ரப்பர் கட்டை அண்ணன் சொன்ன மாதிரியே கண்ணாடி போல மின்னுகிறது. இடது யூ போல்ட் அடியில் செம்மண் நிறைய இருக்கிறது, மண் என்றே நினைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாள்.

ஷாக்கில் ஆயில் கசிவு இல்லை. அதை மாற்றத் தேவையா இல்லையா?

சங்ககிரி ஸ்பேனர்

மச்சானிடம் சொல்லுங்கள், ஷாக் வண்டியைத் தாங்குவது கிடையாது. பட்டை ஆடுவதை அடக்குவதுதான் அதன் வேலை. ஷாக்கைக் கழற்றிக் கீழே வைத்தாலும் நிற்கிற வண்டியின் உயரம் மாறாது. கசிவு இல்லை, பள்ளம் தாண்டியபின் இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடவில்லை என்றால் அதை விட்டுவிடலாம்.

இடது வலது 3 செ.மீ. வித்தியாசம் அதிகம். இடது செட்டைக் கழற்றிப் பிரித்துப் பாருங்கள். எல்லாப் பட்டையையும் நடுவில் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் போகும் ஓட்டைதான் பட்டையின் பலவீனமான இடம், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும், அதுவும் யூ போல்ட் லூசாகி இருந்தால் சீக்கிரம் வரும். செட்டாக இருக்கும்போது வெளியே தெரியாது, மேலும் கீழும் மற்ற பட்டைகள் மூடியிருக்கும். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் இன்னும் ஆபத்து, ஆக்சில் தன் இடத்தில் இருந்து நகரும், பின்னால் வருகிறவனுக்கு உங்கள் வண்டி நண்டு மாதிரி சாய்வாகப் போவது தெரியும்.

மழையில் வழுக்கியதைச் சும்மா சொல்லி வைத்தீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆக்சிலில் இருந்து ஒரு கம்பி மேலே போய் சேஸில் உள்ள ஒரு வால்வில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். லோடு சென்சிங் வால்வு. ஏ.பி.எஸ். வந்த பிறகு வந்த பல வண்டிகளில் இது இருக்காது, உங்களுடையதில் இருக்கலாம். பாடி ஆக்சிலை நெருங்கினால் லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு ஆயில் அழுத்தத்தைக் கூட்டும், விலகினால் குறைக்கும். பட்டை தொங்கியதால் காலி வண்டியையே அது லோடு வண்டி என்று நம்புகிறது. எடையே இல்லாத பின் சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுத்தால், மழை ரோட்டில் அது பூட்டிக்கொண்டு வழுக்காமல் என்ன செய்யும்?

இதிலேயே பட்டை சேர்ப்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. விறைப்பைக் கூட்டினால் முழு லோடிலும் பாடி இறங்காது, வால்வு காலி வண்டி என்று நினைக்கும், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், மொத்த வண்டியையும் முன் பிரேக் நிறுத்த வேண்டி வரும். ஒட்டன்சத்திரம் அண்ணே, உங்கள் முன் பிரேக் பேடு சீக்கிரம் தேய்கிறதா?

ஒட்டன்சத்திரம் லோடு

... ஆமாம். கம்பெனி பேடு சரியில்லை என்று நினைத்து மூன்று பிராண்டு மாற்றிவிட்டேன்.

யாழ் ஓட்டி

இடையில் ஒரு சந்தேகம். தலைப்பில் பட்டை சேர்க்கலாமா என்று பார்த்தவுடன், எங்கட பக்கம் 'பட்டா' என்று சொல்லுகிற அந்தச் சின்ன டாட்டா ஏஸைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள் என்று நினைத்து உள்ளே வந்தேன். வந்ததும் நல்லதுதான். என்னுடைய பட்டாவில் முன்னுக்கும் பின்னுக்கும் இந்த வில்லுத் தகடுதான். போன வருஷம் புஷ் மாற்றினேன், நாலு மாதத்தில் ரப்பர் கிழிந்து போச்சு. சாமான் கூடாதது என்று சண்டை பிடித்தேன்.

சங்ககிரி ஸ்பேனர்

யாழ் தம்பி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்குகிற நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கியிருப்பார்கள். வண்டியை இறக்கியதும் பட்டை நிமிரும், ரப்பர் முறுக்கிய நிலையிலேயே காலம் முழுக்க நிற்கும், அப்புறம் கிழியாமல் இருக்குமா? போல்ட்டைக் கையால் மட்டும் போட்டுவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு.

மெக்கானிக்கல் 98

இளநீர்வண்டி, ஒரு நடைக்கு எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள்? அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

இளநீர்வண்டி (ஆனைமலை)

நாங்கள் கிலோ பார்ப்பதில்லை, காய்க் கணக்குதான். நடைக்கு 1,000 காய். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதே கணக்கு.

மெக்கானிக்கல் 98

பத்துக் காயைத் தராசில் வையுங்கள்.

இளநீர்வண்டி (ஆனைமலை)

வைத்தேன். பத்துக் காய் 22 கிலோ. பெரிதும் சிறிதுமாகக் கலந்து மூன்று முறை வைத்துப் பார்த்தேன், 21க்குக் கீழே வரவே இல்லை. 1,000 காய் என்றால் 2,200 கிலோ. ஆறு வருஷமாக 1.7 டன் வண்டியில் அரை டன் கூடுதலாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன், தெரியாமலே. இளநீர் என்றால் தண்ணீர்தானே என்று ஒரு நினைப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். 1,000 காய் பெட்டிக்குள் அடங்காது. பின் கதவைத் திறந்து சங்கிலியில் நிறுத்தி, அதன் மேல் வலை கட்டி 150 காய் வைப்பேன்.

மெக்கானிக்கல் 98

திட்டவில்லை, கணக்கு மட்டும் போடுகிறேன். 150 காய் 330 கிலோ. அது பின் ஆக்சிலுக்குப் பின்னால் சுமார் 1.3 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சீசா பலகை மாதிரிதான், பின்னால் அமுக்கினால் முன்னால் தூக்கும். 330ஐ 1.3ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 143. அதாவது முன் சக்கரத்திலிருந்து 143 கிலோவைப் பிடுங்கிப் பின்னால் போடுகிறீர்கள். பின் பட்டைக்கு அந்த 150 காயின் எடை 330 இல்லை, 473 கிலோ. ஸ்டீயரிங் காகிதம் மாதிரி ஆனதும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணுக்குள் போனதும் இதனால்தான்.

மெல்பர்ன் வாசி

நான் இங்கே டிரெய்லர் இழுக்க ஒரு பிக்கப் வைத்திருக்கிறேன், எங்கள் ஊரில் 'யூட்' என்பார்கள். இங்கே பின்பக்கம் தொங்கினால் எல்லோரும் உடனே காற்றுப் பைதான் மாட்டுவார்கள், சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே. காற்றடித்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பட்டை தன் சுமையைச் சேஸில் முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது, பை அதை நடுவில் ஒரே இடத்தில் குத்துகிறது. பின்னால் நிறைய எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடு பள்ளமான பாதையில் போய் சேஸ் அந்த இடத்திலேயே வளைந்துபோன வண்டிகள் இங்கே ஏராளம். பை கெட்டது என்று சொல்லவில்லை, அளவான லோடில் மட்டம் சரிசெய்ய நல்லதுதான். தாங்கும் எடையைக் கூட்டும் என்று நம்பி மாட்டுவதுதான் தப்பு.

ஒட்டன்சத்திரம் லோடு

எல்லாம் சரி, ஆனால் வயிற்றுப் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது. 1,000 காய்க்கு வாடகை பேசிவிட்டு 750 ஏற்றினால் டீசலுக்குக் கட்டுமா? நான்கு நடை ஐந்தரை நடையாகும். இதை யாரும் எழுதமாட்டீர்கள்.

சங்ககிரி ஸ்பேனர்

நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் எழுதுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் அதிக லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒருமுறை மாட்டினால் எத்தனை நடை லாபம் போகும்? கூடுதல் பட்டை போட்டதால் ஆர்.சி.யில் உள்ள எடை ஏறாது. அச்சும் பேரிங்கும் டயரும் பிரேக்கும் அதே பழையவைதான், பட்டை ஒன்றுதான் பலசாலி. முன்பெல்லாம் பட்டை தொங்கி எச்சரிக்கை கொடுக்கும். இப்போது பட்டை வாயை மூடிக்கொள்ளும், ஹவுசிங் (ஆக்சிலின் உறை) பேசும்.

இளநீர்வண்டி (ஆனைமலை)

இடது செட்டைப் பிரித்தாயிற்று. மெயின் பட்டை நன்றாக இருக்கிறது. இரண்டாம் பட்டை சென்டர் போல்ட் ஓட்டையில் இரண்டாக விட்டிருக்கிறது. உடைந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்துத் துருப்பிடித்து, கால் பாகம் மட்டும் புது வெள்ளி மாதிரி. மெக்கானிக்கல் தம்பிக்குப் படம் அனுப்பினேன், பல மாதமாக விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து கடைசிக் கால் பாகம் ஒரே அடியில் விட்டிருக்கிறது என்றார். அந்த 'டொம்'களில் ஏதோ ஒன்று ரப்பர் கட்டை அடி இல்லை போல. யூ போல்ட் நான்கில் இரண்டைக் கையால் அசைக்க முடிந்தது. வலது பக்கம் உடைசல் எதுவும் இல்லை, வெறும் தொங்கல்.

புதுப்பாளையம் (புது உறுப்பினர்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வலது செட் உடையவில்லை என்றால் அதை மட்டும் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றிவிட்டு, இடது பக்கம் புதுசு போட்டால் பாதிச் செலவில் முடியுமே? எங்கள் ஊர் பட்டறையில் செய்கிறார்கள்.

சங்ககிரி ஸ்பேனர்

ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எப்போதும் ஜோடியாகத்தான்.

காய்ச்சி அடிப்பதைப் பற்றி. வளைவு ஏற்றுவது தப்பான வேலை இல்லை, எங்கள் பக்கம் லாரிகளுக்கு நிறைய நடக்கிறது. ஆனால் அது இரண்டு சூட்டு வேலை. முதலில் 850, 900 டிகிரிக்குக் கொண்டுபோய் வளைத்து எண்ணெயில் இறக்கி இறுக வைப்பது. அந்த நிலையில் பட்டை கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும். அதனால் மறுபடியும் 450, 500 டிகிரிக்குச் சூடேற்றிப் பதம் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டாவது சூட்டைத்தான் டெம்பர் என்பது, அந்த வார்த்தையை எல்லோரும் சொல்கிறார்கள், வேலையைப் பாதிப் பேர்தான் செய்கிறார்கள். செங்காவி நிறம் வரும் வரை காய்ச்சி, அடித்து, பழைய இஞ்சின் ஆயிலில் முக்கி எடுத்துக் கையில் கொடுத்தால் ஒரு மாதத்தில் மறுபடி தொங்கும், இல்லை ரோட்டில் ஒடியும். உலையும் சூடு பார்க்கிற கருவியும் இருக்கிற இடம் தெரிந்தால் கொடுங்கள். சூடே இல்லாமல் பிரஸ்ஸில் வளைப்பவர்களும் இருக்கிறார்கள், கொஞ்சமாகத் தொங்கியதற்கு அது பரவாயில்லை. வெல்டிங் மட்டும் பட்டையின் கிட்டே வரக்கூடாது. உடைந்த பட்டையைப் பற்றவைத்து ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும், அது வேறு கதை.

இளநீர்வண்டி (ஆனைமலை)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், சீசன் நேரம்.

இரண்டு பக்கமும் கம்பெனி அளவிலேயே புது செட் போட்டேன், கூடுதல் பட்டை கிடையாது. யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ் எல்லாம் புதிது. யூ போல்ட் பழையதையே போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னார், இழுபட்டது மறுபடி பிடிக்காது என்று இங்கே யாரும் சொல்லாமலே எனக்குத் தோன்றியது, வாங்கிவிட்டேன். புஷ் போல்ட் இறுக்கும்போது வண்டியைக் கீழே இறக்கச் சொன்னேன், ஒரு பார்வை பார்த்துவிட்டு இறக்கினார். 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கினேன், ஒவ்வொன்றும் கால் சுற்று போனது.

இப்போது காலி வண்டியில் வலது 49, இடது 49. வால்வுக் கம்பியையும் புத்தக அளவுக்கு வைத்தாயிற்று. மழை இன்னும் வரவில்லை, அதனால் வழுக்குமா என்று சொல்ல முடியாது. ஹெட்லைட்டுக்கு யாரும் வழியில் திட்டவில்லை.

காய் 750 ஆக்கிவிட்டேன், பின் கதவு மூடியே போகிறது. வாடகை பேசுவதில் வியாபாரியோடு இரண்டு நாள் சண்டை, கடைசியில் காய்க்கு இவ்வளவு என்று பேசி முடித்தோம், நடைக்கு இவ்வளவு இல்லை. ஒட்டன்சத்திரம் அண்ணன் சொன்னது உண்மை, கையில் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கிறது. ஆனால் இடது பின் டயர் ஒரு ஓரமாகத் தேய்வது நின்றிருக்கிறது, அந்தக் கணக்கு வருஷக் கடைசியில்தான் தெரியும்.

ஒட்டன்சத்திரம் லோடு

நானும் சேர்த்த இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டேன். ஒன்றுதான். மீதி ஒன்று தக்காளி சீசன் முடியட்டும்.

யாழ் ஓட்டி

அந்தப் பழைய தகடுகளை என்ன செய்தீர்கள்? இரும்புக்குப் போட்டீர்களா?

இளநீர்வண்டி (ஆனைமலை)

நல்ல வேளை போடவில்லை. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு எங்கள் தோப்புகளில் தனி மரியாதை. கொல்லரிடம் மூன்று பட்டை கொடுத்திருக்கிறேன், இளநீர் சீவ இரண்டு அரிவாள், ஒரு மட்டை வெட்டுகிற கத்தி. ஸ்பேனர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டாவது சூடு கொடுப்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். 'அதை நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா' என்று சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்.